பதினான்கு பெயர்கள்

அவரைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று கேட்டவுடன் அவளுக்கு முதலில் வந்தது ஆறுதல்தான். பயம் அதற்குப் பிறகு வந்தது. அழுகை இன்னும் பிந்தி, மற்றவர்கள் அழுவதைப் பார்த்த பிறகு.

பதினொரு நாளாகப் பூரணி இந்த வரிசையை மாற்றி அடுக்கப் பார்க்கிறாள். முதலில் அழுகை, பிறகு பயம் என்று. அது மாறவில்லை. சாமிப் படத்தைத் தொடாமல் ஒரு நாளைத் தொடங்க முடியாதவர்களைப் போல, ஒவ்வொரு காலையும் கந்தோர்ப் படி ஏறும்போது அந்த முதல் ஆறுதலை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள்.

ஓர்ஸ் ஹில்லில் இருந்த ஒரு நிவாரண நிறுவனத்தின் அலுவலகம் அது. அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. கொண்டுபோகப்பட்டவர் ஆனந்தராசா, கள அலுவலர். இடம்பெயர்ந்து கிளிவெட்டி முகாமில் இருந்த சனங்களுக்குப் பாயும் கூரைக்குத் தறப்பாளும் கொடுப்பதற்கான விபரங்களை மடிக்கணினியில் எடுத்துக்கொண்டு போன வழியில், படையினரின் சோதனைச் சென்றியில் வாகனத்தை மறித்தார்கள். அன்றைக்கு அங்கே கணினி தெரிந்த ஒருவன் இருந்தான். தடைசெய்யப்பட்ட செய்தித்தளம் ஒன்றின் பெயரைத் தட்டி, அது எந்தக் கோப்பிலாவது இருக்கிறதா என்று தேடியிருக்கிறான். முழுக் கணினியிலும் ஒரே ஒரு கோப்பில்தான் இருந்தது. அந்தத் தளத்தை மறிப்பதற்காகப் பூரணி எழுதிய கோப்பு அது.

ஆனி மாதத்தில் அதை எழுதச் சொன்னவர் மாவட்டப் பொறுப்பாளர் குலசிங்கம்.

"கொழும்பில மறிச்சது அவங்கட பாதுகாப்புக்கு," என்றார். "எங்கட பாதுகாப்புக்கு நாங்களும் மறிக்க வேணும். ஆர் வந்து பாத்தாலும் இந்தக் கந்தோர் சுத்தமாயிருக்கோணும்."

ஒவ்வொரு கணினிக்குள்ளும் ஹோஸ்ட்ஸ் என்று ஒரு சின்னக் கோப்பு உண்டு. ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால், அதன் முகவரியை வெளியே விசாரிப்பதற்கு முன் கணினி அந்தக் கோப்பைத்தான் பார்க்கும். அங்கே அந்தப் பெயருக்கு எதிரே கணினியின் சொந்த முகவரியை எழுதிவிட்டால், வெளியே போகாமல் தன்னிடமே வந்து நின்றுவிடும். பக்கம் திறக்காது. அவ்வளவுதான்.

"இதைப் பாதுகாப்பெண்டு சொல்லேலாது சேர்," என்று பூரணி அன்றைக்குச் சொன்னாள். "பேருக்குப் பதிலா முகவரியை இலக்கமாத் தட்டினால் திறக்கும். வைரஸ் வாறது பென் ட்ரைவில. அதையும் இது மறிக்காது."

"உம்மட்ட நான் விளக்கம் கேக்கேல்லை. மறிச்சாச்சு எண்டு சொல்லக்கூடிய மாதிரி இருந்தால் போதும்."

எழுத்தில் தரும்படி கேட்டாள். "இதுக்கெல்லாம் கடிதமே?" என்று சிரித்தார். பிறகு தன்னுடைய கணினியை மட்டும் விட்டுவிடச் சொன்னார். "நாட்டு நிலைமை எனக்குத் தெரியவேணும் எல்லோ."

மிச்சம் ஆறு கணினிகள், ஆனந்தராசாவின் மடிக்கணினி உட்பட. அரசாங்கம் தடுத்திருந்தது ஒரு தளத்தை. பூரணி பதினான்கை எழுதினாள். அதே மாதிரியானவை, அதன் உறவுகள், வெளிநாட்டிலிருந்து நடத்தப்படுபவை. அரைகுறையாக ஒரு வேலை செய்ய அவளுக்கு வராது என்று அப்போது தனக்குச் சொல்லிக்கொண்டாள். இப்போது யோசித்தால் அது கெட்டித்தனத்தைக் காட்டுகிற ஆசை. அந்தப் பதினான்கையும் அவள் வாசித்திருந்தாள். யாரும் அழிக்காமலிருக்கத் தன்னுடைய பாஸ்வேர்டால் பூட்டியும் வைத்தாள்.

அதை ஆனந்தராசாவிடம் அவளே திறந்து காட்டினாள். அவர் கதிரையை இழுத்துப்போட்டு விரலால் எண்ணினார்.

"தங்கச்சி, எனக்கு இதில மூண்டுதான் தெரியும். மிச்சம் பதினொண்டையும் நீதான் படிப்பிச்சு விட்டிருக்கிறாய்."

"ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ அண்ணை."

"சொல்லமாட்டன். பட்டர் கேக் வாங்கித் தந்தால்."

சென்றியில் அவரிடம் கேட்ட கேள்வியை வாகனம் ஓட்டிய இரத்தினசிங்கம் வந்து சொன்னார். நாங்கள் தடுத்தது ஒன்று, மற்றப் பதின்மூன்றும் உனக்கு எப்படித் தெரியும்? எழுதியது யார்? ஆனந்தராசா, தெரியாது என்றாராம். அதற்குப் பிறகு அவரை வைத்துக்கொண்டு வாகனத்தைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

பதினோராம் நாள் காலை அவருடைய மனைவி புஸ்பராணி கந்தோருக்கு வந்தாள். தினமும்தான் வந்தாள். அவளைக் கண்டதும் ஆட்கள் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொள்ளப் பழகியிருந்தார்கள். குலசிங்கம் வாசல் வரைக்கும் வந்து நின்றபடியே பேசினார்.

"நாங்கள் எல்லாருக்கும் எழுதியிருக்கிறம், தங்கச்சி. அது ஒரு பக்கம் நடக்குது. இஞ்ச, கந்தோர் ஹெல்மெட்டும் சிம் காட்டும் உங்கட வீட்டை கிடக்குதாம். கணக்குப் பாக்கிற ஓடிற்றுக்கு ஆக்கள் வருகினம். நாளைக்குக் கொண்டுவந்து தாங்கோ."

"ஓம்," என்றாள் புஸ்பராணி. பையிலிருந்து ஹெல்மெட்டை எடுத்து அங்கேயே மேசையில் வைத்தாள். கேட்பார்கள் என்று அவளுக்கு முதலே தெரிந்திருக்கிறது. சிம் கார்ட் அவரோடு போய்விட்டதென்றாள்.

பிறகு பூரணியிடம் வந்து உட்கார்ந்தாள்.

"நேற்று அவரை ஒருக்காக் காட்டினவங்கள். சோறு கொண்டுபோனனான். வலது கையால பிசைய ஏலாமல் இருந்தார். இடது கையால சாப்பிடுங்கோ, ஆரும் பாக்கேல்லை எண்டு சொன்னன். மாட்டனெண்டிட்டார். ஊட்டிவிட விடேல்லை. அப்பிடியே மூடிக்கொண்டு வந்திட்டன்."

பூரணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆர் எழுதினதெண்டு கேட்டுத்தான் அடிக்கிறாங்களாம். இவர் தெரியாதெண்டே நிக்கிறாராம். தெரிஞ்சால் சொல்லுங்கோவன், பிள்ளையள் இருக்குதெல்லோ எண்டு கெஞ்சினனான். என்னைப் பாத்துச் சிரிக்கிறார், தங்கச்சி. நீங்கள்தானே கம்பியூட்டர் பாக்கிறது. உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியாதக்கா."

அவ்வளவு வேகமாக வந்தது அந்தச் சொல். யோசிக்க ஒரு கணம்கூட எடுக்கவில்லை. புஸ்பராணி தலையை ஆட்டி, பையை மடித்துக்கொண்டு போனாள். அவள் படியிறங்கும்வரை பூரணிக்கு அவள்மேல் ஓர் எரிச்சல் இருந்தது. ஏன் தினமும் வருகிறாள், ஏன் என்னிடம் வருகிறாள் என்று. ஆனந்தராசாமேலும் இருந்தது. யார் அவரைக் காப்பாற்றச் சொன்னது? சொல்லித் தொலைக்கலாமே. சொல்லிவிடுவாரோ என்று ஒவ்வொரு இரவும் நடுங்கிப் படுக்கிறவளும் அவள்தான். இந்த இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் சண்டையில்லாமல் இருந்தன. அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பின்னேரம் குலசிங்கம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"முந்தநாள் வந்து எங்கட மெசின் இலக்கங்கள் எல்லாம் எழுதிக்கொண்டு போனவங்கள், தெரியும்தானே. நாளைக்குக் கம்பியூட்டர் தெரிஞ்சவன் வாறான். எல்லாத்தையும் திறந்து பாப்பான்."

"ஓம் சேர்."

"மிச்ச அஞ்சிலயும் அந்தப் பட்டியல் கிடக்கு. அதை அழிச்சுவிடும்."

பூரணிக்கு உடனே விளங்கியது. ஆறு கணினிகளிலும் அதே பதினான்கு, அதே ஒழுங்கில் இருந்தால் அது கந்தோர் செய்த வேலை. ஒன்றில் மட்டும் இருந்தால் அது அந்தக் கணினியை வைத்திருந்த ஆளின் வேலை.

"அப்ப ஆனந்தண்ணை தானே எழுதினதெண்டு வரும், சேர்."

"வரட்டுமே. அவன் எப்பிடியும் உள்ளுக்கதானே இருக்கிறான். புதுசா என்ன வரப்போகுது?" மேசை லாச்சியைத் திறந்து ஒரு கடிதத்தைக் காட்டினார். தட்டச்சாகி முடிந்திருந்தது. ஓர் ஊழியர் தன் சொந்த விருப்பில் செய்த காரியத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று. "உம்மட கையெழுத்துக்கூட வேண்டாம். உம்மட பேரே இதில இல்லை, வாசிச்சுப் பாரும். இஞ்ச பத்தொன்பது பேற்ற சம்பளம் இருக்கு. முகாமில சனம் இருக்கு. எல்லாத்தையும் ஒரு ஆளுக்காக மூடேலாது."

அவர் சொன்னதில் பொய் குறைவு. அதுதான் கொடுமை. முகாமில் சனம் இருந்தது. தறப்பாள் வராவிட்டால் நனையும். அந்த மனிதர் வீட்டில் நல்ல தகப்பன் என்றும் அவளுக்குத் தெரியும். ஐந்து நிமிட வேலை. அழிக்கும் விசை ஒன்றை அமர்த்த எந்த வலுவும் தேவையில்லை. பிறகு அவளுக்குப் பயமில்லாத இரவு. ஆனந்தராசா நாளைக்கு வலி தாங்காமல் அவள் பெயரைச் சொன்னாலும், யாரும் நம்பமாட்டார்கள்.

கடைசியாக வந்த இந்த நினைப்பில் அவள் நின்றாள். இதைத் தானாகவே கணக்குப் பார்த்து முடித்திருந்தாள். குலசிங்கம் அதைச் சொல்லவேயில்லை. ஆனந்தராசாவின் கையை உடைத்தவர்கள் கூட இவ்வளவு தூரம் யோசித்திருக்கமாட்டார்கள்.

"நான் அழிக்கமாட்டன், சேர்."

குலசிங்கம் கோபப்படவில்லை. "பயப்பிடாதேயும். அழிச்சதை ஆரும் கண்டுபிடிக்க ஏலாதெண்டு நீர் தானே சொல்லுவீர்."

"பயத்தாலை இல்லை."

"அப்ப பாஸ்வேர்டைத் தாரும். வேற ஆளைக்கொண்டு செய்விக்கிறன்."

"அதுவும் தரமாட்டன்."

வெளியே யாரோ ஹெல்மெட்டை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டும் சத்தம் கேட்டது. குலசிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பூரணி, நாளைக்கு அவங்கள் ஆறிலயும் ஒரே பட்டியலைக் கண்டால், ஆர் எழுதினதெண்டு என்னட்டத்தான் கேப்பாங்கள். நான் எழுதச் சொன்னதுக்கு ஒரு துண்டுகூட இல்லை. நான் உம்மைத்தான் காட்டுவன். விளங்குதோ?"

"விளங்குது."

"உம்மை அங்க என்ன செய்வாங்களெண்டும் தெரியும்தானே. நீர் ஒரு பொம்பிளை."

அவள் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். தைரியம் ஒன்றும் வந்துவிடவில்லை. காலையில் அந்தப் பெண்ணிடம் தெரியாது என்று சொன்ன வாய்தான் இதுவும்.

"கந்தோர் மூட இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கு," என்றார் அவர், மெதுவாக, கிட்டத்தட்ட அன்பாக. "போய் அழிச்சிட்டு வீட்டை போம்."

"ஏலாது சேர்," என்றாள் பூரணி, அச்சுப்பொறியில் மை தீர்ந்துவிட்டது என்று சொல்லும்போது வரும் அதே குரலில்.