நாற்பது விநாடி

சகாதேவன் எங்கள் சமையலறை வாசலில் நின்று மணல் கேட்ட அந்தக் காலை இன்றும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ஐம்பத்தொன்பதாம் வருஷம், மாசி மாதம். அம்மா இரும்புச் சட்டியில் மணலைச் சூடாக்கி மல்லாட்டை வறுத்துக்கொண்டிருந்தாள்; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். திண்டிவனம் சாலையில், ரயில்வே கேட்டுக்கு அரை மைல் முன்னால் எங்கள் மல்லாட்டை மில். அதன் பின்னாலேயே வீடு. மில்லின் ஆயில் இன்ஜினைப் பார்த்துக்கொள்ள அப்பா வைத்திருந்த மெக்கானிக் அவன்.

“வறுக்கிற மணல் ரெண்டு படி வேணும்மா.”

“என்னாத்துக்கு? உங்க சின்ன மொதலாளிய வறுக்கவா?”

“பைப்பு வளைக்கணும். உள்ள மணல் ரொப்பிட்டு வளைச்சாத்தான் நசுங்காது. ஆத்து மணல்னா ஈரம் இருக்கும், சூடு பட்டா வெடிச்சிடும். உங்க மணல் பத்து வருஷமா காஞ்சது.”

அம்மா சிரித்துவிட்டாள். வேலூரில் பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த அவள் மகள் நான்தான் மணலைப் பக்கெட்டில் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன்.

ஷெட்டில் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர், ஊருக்குத் திரும்பும்போது அதை வேணு அண்ணனிடம், அம்மா சொன்ன அந்தச் சின்ன முதலாளியிடம், விற்றுவிட்டுப் போனார். இரண்டே பேர் உட்காரலாம். குனிந்து ஏறுவதா, காலைத் தூக்கி வைத்து இறங்குவதா என்று எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிபடவில்லை. அப்பா ஒரு முறை உட்கார்ந்து பார்த்துவிட்டு, எழுந்திருக்க இரண்டு பேரைக் கூப்பிட்டார். அண்ணனுக்கோ அதைச் சோழவரம் ரேஸில் ஓடவிட வேண்டும் என்று ஆசை. ஓட்டப்போவது அவனில்லை, கியர் மாற்றும்போது அவனுக்குக் கையும் காலும் ஒத்துப்போகாது. மெட்ராஸில் ரேஸ் கார்களுக்கென்றே ஒர்க்‌ஷாப் வைத்திருந்த சிநேகிதன் ஒருவன் ஓட்டுவதாக ஏற்பாடு.

“வண்டிக்கு மூச்சு முட்டுதுங்க,” என்றான் சகாதேவன், மணலை ஒரு பைப்புக்குள் சரித்து வெளியே சுத்தியலால் தட்டிக்கொண்டே. “நாலு சிலிண்டர் புகையும் ஒரே சின்னக் குழாய்ல போய் முட்டிக்குது. தேர் அன்னிக்கு நாலு தெரு சனமும் ஒரே சந்துல நுழைஞ்சா எப்படி? தனித்தனியா நாலு வழி, ஒரே நீளம் வெச்சு, அப்புறமா சேர்த்து விட்டா ஒண்ணு போற வேகத்துல அடுத்ததையும் இழுத்துக்கினு போவும்.”

“பெரிய குழாயா ஒண்ணு வெச்சிட்டா போதாதா?”

“எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. ஜாஸ்தி அகலமா போனா இழுப்பு கம்மியாயிடும். அளவு இருக்குங்க.”

பைப்பு நெருப்பில் சிவந்தபோது ஷெட் முழுக்க வறுத்த மல்லாட்டை வாசனை வந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். அதற்கு மேல் எங்களுக்குள் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து தினமும் ஷெட்டுக்குப் போக எனக்கு ஏதாவது ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது.

வேகத்தை அளக்க எங்களிடம் மைதானமா இருந்தது? மலைதான் இருந்தது. மில் வாசலில் கிளம்பி, ஊருக்குள் நுழைந்து, மலையைச் சுற்றிவிட்டு மறுபடி மில் வாசலுக்கு வந்தால் ஒன்பது மைல். விடிந்தும் விடியாத நேரம், சாலையில் ஓரிரு சாமியார்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். அண்ணன் முன்னதாகவே சைக்கிளில் அடி அண்ணாமலைப் பக்கம் போய், மாடு கன்று குறுக்கே வராமல் பார்த்துக்கொள்வான். நான் அப்பாவின் கைக்கடிகாரமும் ஒரு நோட்டுமாக மில் கேட்டில் நிற்பேன். கிளம்பும் முன் சகாதேவன் ஆக்ஸிலேட்டரை இரண்டு முறை அழுத்தி உறும வைப்பான். ‘நேரத்தைக் குறித்துக்கொள்’ என்று அதற்கு அர்த்தம். இரண்டு பக்கமாகவும் ஓட்டிச் சராசரி எடுக்கச் சொல்லி மெட்ராஸ் சிநேகிதன் கடிதம் போட்டிருந்தான். “மலைய இடமா சுத்தினா வண்டி ஓடும், குடும்பம் ஓடாது” என்று அம்மா அதைப் படித்தவுடனேயே மறுத்துவிட்டாள்.

பழைய குழாயோடு ஆன நேரம் பதினேழு நிமிஷம் பத்து விநாடி.

“முக்கா நிமிஷம் கொறைச்சிக் காட்டு சகாதேவா,” என்றான் அண்ணன். “உன்னை மெட்ராஸ் ஒர்க்‌ஷாப்ல சேர்த்துவிடறேன். அவன்கிட்ட பேசிட்டேன். இந்த ஆயில் இன்ஜினைத் தொடச்சிக்கினே எத்தினி நாளைக்கு இருப்ப?”

சகாதேவன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அன்று இரவு சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

புதுக் குழாயோடு கார் கிளம்பிய காலையில் சத்தமே மாறியிருந்தது. முன்பு தொண்டை கட்டியவர் பேசுவது போல் இருந்தது, இப்போது நெஞ்சிலிருந்து வந்தது. மலைக்குப் பின்னால் போய் மறைந்த அந்தச் சத்தம், நான் எதிர்பார்த்ததற்கு வெகு முன்னாலேயே, மலையைச் சுற்றியிருக்கும் எட்டு லிங்கங்களில் கடைசியான ஈசானிய லிங்கம் பக்கமிருந்து திரும்பக் கேட்டது. கார் கேட்டைத் தாண்டியபோது பதினாறு நிமிஷம் பன்னிரண்டு விநாடி. ஐம்பத்தெட்டு விநாடி குறைந்திருந்தது.

நான் பதினாறு நிமிஷம் ஐம்பத்திரண்டு என்று எழுதினேன். கை அதுவாக எழுதியது என்று சொல்ல மாட்டேன். யோசித்துத்தான் எழுதினேன்.

சகாதேவன் இறங்கி வந்து நோட்டை வாங்கிப் பார்த்தான். பார்க்க வேண்டியதற்கு மேல் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தான். பிறகு திருப்பிக் கொடுத்தான். அண்ணன் சைக்கிளில் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தபோது நான் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

“பதினெட்டு செகண்டுதானா? என்னைத் தாண்டும்போது பறந்துதேடா. சந்திரா, நீ சரியாத்தான் பாத்தியா?”

நான் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தேன்.

“அவங்க சரியாத்தான் பாத்தாங்க,” என்றான் சகாதேவன். “தப்பு எம்மேலதான். எட்டு லிங்கத்துகிட்டயும் ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்து ஒரு கும்பிடு போட்டுட்டு வந்தேன். புதுக் குழாயாச்சேனு.”

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். “ரேஸ் வண்டியில உக்காந்துகினு கும்பிட்டியா? எட்டு வாட்டியா? நாளன்னிக்கு மறுபடி ஓட்டு. கும்பிடறதை எல்லாம் நடந்து போய்க் கும்பிடு.”

சகாதேவன் அப்படியே செய்தான். மறுநாள் வேலைக்கு மூன்று மணி நேரம் தாமதமாக வந்தான். முழங்கால் வரை புழுதி. அவன் செருப்பில்லாமல் மலை சுற்றியிருப்பது தெரிந்தது. ஷெட்டுக்குக் காபி கொண்டுபோனபோது மெதுவாகக் கேட்டேன், “என்னா வேண்டுதல்?”

“வேண்டுதல் இல்லீங்க. எட்டு பேர் மேலயும் பொய் சொல்லிட்டேன். ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா சொல்லிட்டு வந்தேன்.” டம்ளரை வாங்கிக்கொண்டு தரையைப் பார்த்தான். “அடி அண்ணாமலை மேடு மூணாவது கியர்லயே ஏறிடுச்சு. அப்பவே எனக்கு நேரம் தெரியும்ங்க.”

“அப்போ ஏன் சொல்லலை?”

“உங்களை உங்க அண்ணன் ஒரு வார்த்த சொல்றத நான் நின்னு கேக்கணுமா?”

மறுநாள் காலை அவன் மறுபடி சுற்றி வந்தான். பதினாறு நிமிஷம் பத்து விநாடி. இந்த முறை அப்படியே எழுதினேன். மேலே இருந்த ஐம்பத்திரண்டையும் அடித்துவிட்டுப் பன்னிரண்டு என்று திருத்தினேன். அண்ணன் நோட்டைப் பிடுங்கிக் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொல்ல ஓடினான். நோட்டு சகாதேவன் கைக்குப் போனபோதுதான் திருத்தம் அவன் கண்ணில் பட்டது. அதன் மேல் கட்டைவிரலை வைத்தான்.

“அடிக்காமலே விட்டிருக்கலாமே,” என்றான்.

“நீங்க போகணும்.”

பங்குனி பிறந்த இரண்டாம் நாள் காலையில் அவர்கள் மெட்ராஸுக்குக் கிளம்பினார்கள். சகாதேவனுடைய தகரப் பெட்டியைக் காரின் பின்னால் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். அவன் ஓட்ட, பக்கத்தில் அண்ணன். அம்மா வறுத்த மல்லாட்டை ஒரு பை கொடுத்தாள். அவன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டான், அப்பாவிடம் சொல்லிக்கொண்டான். என்னைப் பார்த்து, “வரேங்க” என்றான். அவ்வளவுதான்.

நான் மாடிக்கு ஏறிப் போனேன். புளியமரங்கள் சாலையை மறைத்தன. காரைப் பார்க்க முடியவில்லை, சத்தம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. பழைய குழாயாக இருந்திருந்தால் மில் சுவரைத் தாண்டியதுமே அடங்கிப் போயிருக்கும். இப்போது ரயில்வே கேட் வரை கேட்டது. அங்கே நின்றுவிட்டது. காட்பாடி பாசஞ்சருக்காகக் கேட்டை மூடியிருந்தார்கள். ரயில் வந்தது, எல்லாச் சத்தத்தையும் விழுங்கிக்கொண்டு நிதானமாகப் போனது. கடைசிப் பெட்டியின் தடதடப்பு ஓய்ந்த பிறகு ஒரு மைனா கத்தியது. கேட் திறக்கும் சங்கிலி ஓசை கேட்டதா, நானே நினைத்துக்கொண்டேனா, தெரியவில்லை.

அப்போது அரை மைலுக்கு அப்பாலிருந்து, நெஞ்சிலிருந்து வருவது போன்ற அந்த உறுமல். ஒரு முறை. சற்று விட்டு, இன்னொரு முறை.

அப்பாவின் கடிகாரம் என் கையிலேயே இருந்தது. மணி ஆறு, பதினேழு நிமிஷம், நான்கு விநாடி. குறித்துக்கொண்டேன்.