தேயாத மோதிரம்

வெள்ளிச் சங்கிலியோ, கிண்ணமோ, புகைப்படச் சட்டமோ, எது வந்தாலும் தங்க முலாம் பூசி அனுப்புவது அவன் வேலை. பதினோரு வருடங்களாக முலாம் தொட்டிமேல் குனிந்து குனிந்து கழுத்தே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. வருடத்துக்கு ஒருமுறை, கல்யாண நாளுக்கு முந்தின தினம், மனைவியின் மோதிரமும் அந்தத் தொட்டிக்கு வரும். கல்யாணத்தின்போது தங்கம் வாங்க வசதியில்லை. வெள்ளியில் செய்து, தானே முலாம் பூசிப் போட்டுவிட்டிருந்தான். அவளுடையது பாத்திரம் தேய்க்கும் கை. வருடம் முடிவதற்குள் உள்ளங்கைப் பக்கம் வெள்ளி எட்டிப் பார்த்துவிடும்.

இந்த முறையும் சாப்பாட்டு டப்பாவின் மேல் அதை வைத்திருந்தாள். இப்போதெல்லாம் இருவரும் அதிகம் பேசுவதில்லை. சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

பட்டறையில் பாலிஷ் போடும் அக்கா மோதிரத்தை விளக்கடியில் திருப்பினாள்.

"ஏம்பா, வீட்ல வேலைக்கு ஆள் வெச்சிருக்கியா?"

"நானே அங்க வேலையாள்தான். ஏன்க்கா?"

"எங்கயும் தேயலையே. போன வருஷம் பூசினது அப்படியே இருக்கு. இதை அவ போடவே இல்லப்பா."

லென்ஸை வாங்கிப் பார்த்தான். தேய்மானத்தை வைத்தே யார் எந்த விரலில் போடுகிறார்கள் என்று சொல்லிவிடுவான். மனைவியின் விரலைக் கடைசியாக எப்போது பார்த்தான் என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை. மோதிரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மத்தியானமே வீட்டுக்கு நடந்தான்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன இந்த நேரத்துல? உடம்பு சரியில்லையா?"

"மோதிரத்த ஏன் போடல?"

"கொப்புளம்னு கழட்டினேன். பத்து நாள்ல ஆறிடுச்சு. நீங்க கேட்டா போட்டுக்கலாம்னு இருந்தேன்." ஒரு சட்டையை மடித்து வைத்தாள். "வருஷமே ஆகப்போகுது. இன்னிக்கும் கவனிக்காம முக்கி எடுத்துட்டு வந்திருந்தா, எங்கக்கா வீட்டுக்கே போயிடறதா இருந்தேன்."

நான்தான் கவனித்தேன் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"நான் கவனிக்கல. பாலிஷ் அக்காதான் சொன்னாங்க."

"உங்க மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது." களைத்துப் போய்ச் சிரித்தாள். "பொய் சொல்லக்கூட வரல உங்களுக்கு."

கையை நீட்டினாள். அவன் போட்டுவிடப் பார்த்தான். மோதிரம் பாதி விரலில் நின்றது.

"விரல் கணு தடிச்சிருக்கே! எப்போ இருந்து?"

"மூணு வருஷமா. சோப்புப் போட்டுத்தான் ஏத்துவேன்."

அவன் மோதிரத்தை மெல்லக் கழற்றினான்.

"அறுத்துப் பெருசாக்கித் தரேன். ஒட்டு வைக்கிற இடத்துல வெள்ளி தெரியும், மேல பூசிட்டா..."

"பூச வேணாம், தெரியட்டும். அதுக்காகவாவது என் கையப் பார்ப்பீங்க."

தையல் டப்பாவிலிருந்து நூலெடுத்து விரலை அளந்தான். அளந்து முடித்த பிறகும் அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. துணி பாதி மடித்தபடியே கிடந்தது.