இறந்தகாலம் படிக்காத வகுப்பு

காலராவில் இறந்து இரண்டு வருஷமாகியிருந்த கோதைநாயகி, 1933ஆம் வருஷம் மார்கழி மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்றேகால் மணிக்கு, திருச்சி தெப்பக்குளம் பக்கம் ஒரு புத்தக பைண்டிங் கடையின் மாடியில் நடந்த பிரெஞ்சு வகுப்பில் வந்து உட்கார்ந்தாள். வகுப்பில் அப்போது மூன்று பேர்தான் இருந்தார்கள். ஒருவர் அவளுடைய தகப்பனார் வீரராகவன், ஸ்ரீரங்கத்திலிருந்து ரயிலில் வந்து போகும் ரயில்வே குமாஸ்தா. இன்னொருவர் அந்தக் கடையின் பைண்டர் சகாயநாதன், பாண்டிச்சேரியில் ஒரு அச்சகத்து வேலைக்குப் பரீட்சை எழுத இருந்தவர். மூன்றாவது, பாலக்கரைப் பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் சுராயா. அவள் புருஷன் சைகோனில் துணிக்கடை வைத்திருந்தார், அங்கே போய்ச் சேரும்போது பேசத் தெரிய வேண்டுமே என்று படிக்க வந்தவள். சொல்லிக்கொடுத்த வாத்தியார் பதினாலாம் பாடம் முடிந்த கையோடு காரைக்காலுக்குப் போய்விட்டார். அதன் பிறகு மூவரும் ஒரே புத்தகத்தை நடுவில் வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுப் பழகினார்கள். பிரெஞ்சுக்காரர் யாரிடமும் அவர்கள் பேசியதில்லை. மூவர் உச்சரிப்பும் மூன்று தினுசு. ஆனாலும் ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரிந்தது.

வீரராகவன் எதற்காக வகுப்பில் சேர்ந்தார் என்பது அவருக்கே தெளிவில்லை. குழந்தை போன பிறகு வீட்டில் அவருக்கும் மனைவி அரவிந்தவல்லிக்கும் இடையே பேச்சு மெல்லக் குறைந்து, சாதம், போதும், கதவைச் சாத்து என்ற அளவில் நின்றிருந்தது. இருவரும் அழவில்லை, சண்டை போடவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எங்காவது போக வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அன்றைக்குப் பழைய பாடமான குடும்பத்தைத் திரும்ப எடுத்து, உங்களுக்கு எத்தனை குழந்தைகள் என்று சுராயா பிரெஞ்சில் கேட்டாள். ஒரு மகள் இருந்தாள் என்று சொல்ல அவருக்குத் தெரியாது. அது பதினைந்தாம் பாடம், இறந்தகாலம். ஆகவே தெரிந்ததைச் சொன்னார்: "எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்கு வயது ஏழு." சொல்லி முடித்தபோது அவள் பெஞ்சின் ஓரத்தில் இருந்தாள். சகாயநாதன் சற்றுத் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்து, உன் பெயர் என்ன என்று பிரெஞ்சிலேயே கேட்டார். "என் பெயர் கோதைநாயகி. இன்று வானம் தெளிவாக இருக்கிறது. என் தொப்பி நீலம்," என்றாள் அவள். தலையில் தொப்பி இல்லை. அவளுக்கும் பதினாலு பாடம்தான் தெரிந்திருந்தது. தமிழில் கூப்பிட்டால் திரும்பவில்லை. நாலரை மணிக்குப் புத்தகத்தை மூடியதும் பெஞ்சு காலியாக இருந்தது. அடுத்த ஞாயிறு மறுபடி வந்தாள். அந்த வாரமே சகாயநாதன் பதினைந்தாம் பாடத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஊசி நூலால் இறுகத் தைத்துவிட்டார். அப்படிச் செய்யும்படி அவரிடம் யாரும் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து, கை அலம்பிக்கொண்டே, "கோதை கிளாசுக்கு வரா," என்றார் வீரராகவன். அரவிந்தவல்லி இலையை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை அவரோடு ரயிலேறினாள். அவள் கண்ணுக்குப் பெஞ்சு காலியாகத்தான் இருந்தது. பேசுவது புரிந்தவர்களுக்குத்தான் குழந்தை தெரிந்தாள். சுராயா அரவிந்தவல்லியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கதவு, ஜன்னல், ஆப்பிள், குதிரை என்று ஆரம்பித்தாள். அரவிந்தவல்லி சமையலறையில் வினைச்சொற்களை முணுமுணுத்தாள். மூன்று மாதத்தில் பதினாலு பாடமும் வந்துவிட்டன. சித்திரையில் ஒருநாள் பெஞ்சைப் பார்த்து, "நீ நலமாக இருக்கிறாயா?" என்று கேட்டாள். நலமாக இருப்பதாகப் பதில் வந்தது. பதில் சொன்னவளையும் பார்த்தாள்.

அப்படியே இரண்டு வருஷத்துக்கு மேல் பதினாலாம் பாடத்திலேயே போயிற்று. சகாயநாதன் இரண்டு தடவை பரீட்சைக்கு எழுதிப் போட்டுவிட்டுப் போகாமல் நின்றார். சைகோனுக்கு வரச்சொல்லிப் புருஷன் எழுதிய கடிதங்களுக்கு, அடுத்த வருஷம் வருகிறேன் என்று சுராயா பதில் போட்டாள். இருவரும் யாருக்காக நிற்கிறார்கள் என்று வீரராகவனுக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் பேசவில்லை. கோதைக்கு எல்லா ஞாயிறும் வயது ஏழு.

1936 ஆடி மாதத்தில் அரவிந்தவல்லி புத்தகத்தை எடுத்துத் தையலைப் பல்லால் கடித்தாள். நூல் கெட்டியாக இருந்ததால் நேரம் பிடித்தது.

"மாமி, அவ போயிட்டா என்ன பண்ணுவீங்க?" என்றாள் சுராயா.

"போனா போறா. அவகிட்ட ஒண்ணு சொல்லணும். அத சொல்ல இந்தப் பாடம் வேணும்."

"என்ன சொல்லணும்?" என்றார் வீரராகவன்.

"தீர்த்தம் தீர்த்தம்னு கேட்டுண்டே இருந்தா. குடுக்கப்படாதுன்னார் வைத்தியர். நீங்க வாசல்ல நின்னுண்டிருந்தேள். நான்தான் உள்ள இருந்தேன்." சமையலில் உப்பு குறைந்ததைச் சொல்லும் குரல்தான் அது.

சகாயநாதன் கத்தரிக்கோலை எடுத்து வந்து மீதி நூலை வெட்டினார். "படிங்கம்மா," என்றார்.

மூன்று வாரம் படித்தார்கள். அந்த மூன்று வாரமும் கோதை வந்தபோது பழைய பாடத்தையே பேசினார்கள். நாலாவது வாரம் அரவிந்தவல்லி அவளுக்கு எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக, "நீ தண்ணீர் கேட்டாய். நான் கொடுக்கவில்லை," என்றாள். கோதை யோசித்தாள். "ஆமாம், கேட்டேன்," என்றாள். அதற்கு முன் அவள் இறந்தகாலத்தில் ஒரு வினையைச் சொன்னதில்லை. பிறகு, "தயவுசெய்து கொடுங்கள்," என்றாள். சுராயா மூலையிலிருந்த பானையில் மொண்டு டம்ளரை நீட்டினாள். அதுவரை அந்த மாடியில் ஒரு வாய் தண்ணீர் குடித்திராத அரவிந்தவல்லி அதைக் கையில் வாங்கிக் குழந்தைக்குக் கொடுத்தாள். கோதை மூன்று டம்ளர் குடித்தாள். நாலரை மணிக்குப் பெஞ்சு வழக்கம்போலக் காலியாயிற்று.

இனி வரமாட்டாள் என்றே நாலு பேரும் நினைத்தார்கள். ஆனால் வந்தாள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது.

அதற்கப்புறம் அவள் வளர ஆரம்பித்தாள். சகாயநாதன் பரீட்சையில் தேறி 1937இல் பாண்டிச்சேரி போனார். சுராயா மறு வருஷம் கப்பலேறினாள். சைகோனில் தன் பிரெஞ்சைக் கேட்டுக் கடைக்காரர்கள் சிரிப்பதாகவும், ஆனாலும் சாமான் கொடுப்பதாகவும் எழுதினாள். மாடியறையைக் காலி செய்த பிறகு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஸ்ரீரங்கத்தில் வடக்குச் சித்திரை வீதி வீட்டிலேயே நடந்தது. புருஷன், மனைவி, மகள் மூவரும் எதிர்காலத்தையும் முடித்து, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தையும் தாண்டிப் பேசினார்கள். இடையிடையே வீரராகவனும் அரவிந்தவல்லியும் தங்களுக்குள் தமிழில் ஏதாவது சொல்லிக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள். அது எப்போது தொடங்கியது என்று இருவருக்கும் தெரியாது. 1943இல், பதினாலு வயதில், கோதை பிரெஞ்சில் கேட்டாள்: "நீங்கள் இருவரும் பேசுவது என்ன மொழி? எனக்கும் கற்றுக்கொடுங்கள்."

அதற்குப் புத்தகம் இல்லை. கதவு, ஜன்னல் என்று ஆரம்பித்தார்கள். ழகரம் வர ஆறு மாதம் ஆயிற்று. அதற்குள் நாலரை மணிக்குப் போவதையும் அவள் விட்டுவிட்டாள். தை மாதம் ஒரு புதன்கிழமை, பிரெஞ்சு ஒரு வார்த்தையும் அறியாத அடுத்த வீட்டுச் சௌரிராஜன் பேப்பர் வாங்கிக்கொண்டு போக வந்தவர், வாசலில் கோலமாவுக் கிண்ணத்தோடு நின்ற பெண்ணைப் பார்த்து, "அப்பா இருக்காரா?" என்றார்.

"ஸ்நானம் பண்றார். உக்காருங்கோ," என்றாள் கோதை.

அவர் திண்ணையில் உட்கார்ந்து, அங்கே கிடந்த பேப்பரைப் பிரித்தார்.