நாலு மணிக் கோளாறு

நாலு மணி தாண்டிப் பத்து நிமிடம் ஆனதும் ரிமோட் வழக்கம்போல உயிரை விட்டது. "பாத்தியாம்மா, பாத்தியா!" என்று இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். இருபத்திரண்டு நாட்களாகத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒன்றுக்கு ஒருவழியாகச் சாட்சி கிடைத்துவிட்ட சந்தோஷம் அவருக்கு. மூன்றரை மணியிலிருந்து, எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும் வீட்டில் தேவுடு காத்துக்கொண்டிருந்த மெக்கானிக் பெண் பையைத் திறந்தாள். பழுது வந்ததற்காக இத்தனை மகிழ்ச்சி அடைந்த வீட்டுக்காரரை அவள் இதுவரை பார்த்ததில்லை.

அவர் போலீஸ் இன்ஸ்பெக்டர் அல்ல, லிஃப்ட் இன்ஸ்பெக்டர். முப்பத்தோரு வருடம் ஊரிலுள்ள லிஃப்டுகளிலெல்லாம் ஏறி இறங்கிக் குறை கண்டுபிடித்தவர். ஓய்வு பெற்றபோது வேலை நின்றது, பழக்கம் நிற்கவில்லை. வீட்டுக்கென்று ஒரு நீளப் பதிவேடு வைத்திருந்தார். தேதி, நேரம், வானிலை, புகார் செய்தவர், கோளாறு, காரணம், முடிவு என்று கோடு போட்ட பத்திகள். மழைக்காலத்தில் லிஃப்ட் குழிகளில் தண்ணீர் நிற்கும் என்பதால் ஆபீசில் வானிலையையும் எழுதுவார்கள். சமையலறைக் குழாய் ஒழுகுவதற்கு வானிலை எதற்கு என்று மனைவி ஒருமுறை கேட்டாள். பத்தி இருந்தால் நிரப்பத்தான் வேண்டும் என்றார்.

அந்த ஹாலில் சுவரில் தெரிந்தது டிவி மட்டும்தான். ஆம்ப்ளிஃபயர், டிஸ்க் பிளேயர், கேபிள் பெட்டி எல்லாம் பக்கவாட்டுச் சுவரில் பதித்த அலமாரிக்குள் கதவு சாத்திக் கிடந்தன. டிவியின் கீழ் விளிம்பில் மிளகு அளவு ஒரு கறுப்புக் கண். ரிமோட் சொல்வதை அது வாங்கி, வயர் வழியாக அலமாரிக்குள் கொண்டுபோகும். அங்கே ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும் பொட்டு மாதிரி ஒட்டியிருக்கும் குட்டி விளக்கு அதைப் பெட்டியிடம் சொல்லும். அலமாரி முன்பு மனைவியுடையது. நடு இரண்டு தட்டுகளை அவர் எடுத்துக்கொண்ட பிறகு அவளுடைய துணிகளில் பாதி கட்டிலுக்கு அடியில் பெட்டிக்குப் போயிற்று. வருகிறவர்களிடமெல்லாம் அவர் அலமாரிக் கதவைத் தட்டிக் காட்டுவார். பிறகு நாற்காலியில் சாய்ந்து ஒரு பொத்தானை அமுக்குவார். சுவர்களிலிருந்து இசை வரும். "ஒருத்தரும் எழுந்திருக்க வேணாம். வீடு தானா நடக்கும்."

கடைசியாக வந்தவர்கள் பழைய ஆபீஸ் நண்பர்கள். ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார்கள். "அப்ப தங்கச்சிக்கு என்னதான் வேலை?" என்று ஒருவர் கேட்க, "அவளுக்கென்ன வேலை, எல்லாம்தான் ரிமோட்ல நடக்குதே" என்றார் இன்ஸ்பெக்டர். எல்லோரும் சிரித்தார்கள். ஜன்னல் ஓரமாக நின்றிருந்த மனைவியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மூன்றாம் நாள் காலை கையில் பையோடு வந்து, "அக்கா வீட்டுக்குப் போறேன்" என்றாள். எப்போது வருவாய் என்றதற்குத் தெரியவில்லை என்றாள். அன்று சாயங்காலம் நாலு பத்துக்கு ரிமோட் முதல்முறையாகச் செத்தது.

குறை கண்டுபிடித்தே பழகிய மண்டைக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? போகிற போக்கில் அலமாரிக்குள் எதையோ பிடுங்கிவிட்டுப் போயிருக்கிறாள் என்று முடிவு கட்டினார். எதைத் தொட்டாய் என்று செய்தி அனுப்பினார். 'நான் எதையும் தொடல' என்று பதில் வந்தது. 'ஒப்புக்கொண்டால் திரும்பி வருவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று ஆபீஸ் பாஷையில் எழுதினார். அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

அவள் இல்லாமல் அவருக்கு வீடு வீடாக இல்லை. அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் தெரியவில்லை. ஒரே ஆள் சாப்பிடும் வீட்டில் பாத்திரம் எப்படி இவ்வளவு சேர்கிறது என்று தினமும் தொட்டியைப் பார்த்து நிற்பார். போனை எடுப்பார், வைப்பார். முதலில் கூப்பிடுகிறவன் தப்பு செய்தவன் ஆகிவிடுவான் என்று தோன்றும். கையில் ஒரு ஆதாரம் இருந்தால், அதை அனுப்பும் சாக்கில் பேசிவிடலாம். அதற்காகத்தான் இந்தப் பெண்ணை வரவழைத்திருந்தார்.

"எந்த வயர் பிடுங்கியிருக்குன்னு பாத்து, உன் ரசீதுலயே எழுதிக் குடுத்துடும்மா. கையெழுத்தோட."

"முதல்ல பாக்கறேன் சார்."

அவள் அலமாரியைத் திறந்து ரிமோட்டைப் பெட்டிகளுக்கு நேராக நீட்டினாள். மூன்றும் ஒழுங்காக வேலை செய்தன. போன் கேமராவைத் திறந்து ரிமோட்டை அதற்கு முன்னால் அமுக்கிக் காட்டினாள். வெறும் கண்ணுக்குத் தெரியாத விளக்கு திரையில் ஊதாவாக மினுங்கியது. ரிமோட்டை அவரிடம் கொடுத்தாள். அதே போனை, பெட்டிகளின் நெற்றியில் ஒட்டிய விளக்குகளுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, "நாற்காலிலேருந்து அமுக்குங்க சார்" என்றாள். அவை மினுங்கவே இல்லை. வயரை விரலால் தடவிக்கொண்டே போனாள். எங்கும் விட்டுப்போகவில்லை, பிடுங்கப்படவும் இல்லை. கடைசியில் டிவிக்கு முன்னால் வந்து, அந்தக் கறுப்புக் கண்ணைப் பார்க்கக் குனிந்தாள்.

ஆம்ப்ளிஃபயர் சட்டென்று முழங்கியது.

"என்ன பண்ணின?"

"ஒண்ணுமே பண்ணல. நீங்கதான் அமுக்கிட்டே இருந்தீங்க." அவள் இரண்டடி நகர்ந்தாள். "இப்ப நிறுத்துங்க பாப்போம்."

நிற்கவில்லை. அவள் மறுபடி பழைய இடத்துக்கு வந்தாள். இசை நின்றது. இருவரும் அவள் நிழலைப் பார்த்தார்கள். மேற்கு ஜன்னலிலிருந்து வெயில் நீளமாக வந்து டிவியின் அடி விளிம்பில் விழுந்துகொண்டிருந்தது.

"அந்தப் பதிவேட்டக் கொஞ்சம் குடுங்க சார்." அவள் விரல் பத்தியோடு கீழே இறங்கியது. "ரெண்டு நாள் மட்டும் கோளாறு இல்லன்னு போட்டிருக்கீங்க. ரெண்டு நாளும் மழைன்னும் நீங்களே எழுதியிருக்கீங்க."

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். தன் கையெழுத்தை அவர் எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வார்.

"கண்ணுல வெயில் நேரா அடிச்சா ரிமோட் சொல்றது அதுக்குக் கேக்காது சார். முன்னாடி இந்த நேரத்துக்கு ஜன்னல் திரைய யார் போடுவாங்க?"

தினமும் நாலு மணி சுமாருக்கு வளையங்கள் கம்பியில் சர்ரென்று ஓடும் சத்தம் அவர் காதில் கேட்டது. ஆறு வருடமாகக் கேட்ட சத்தம். பட்டப்பகலில் எதற்கு இருட்டாக்குகிறாய் என்று எரிந்து விழுந்திருக்கிறார். நண்பர்கள் சிரித்த அன்றும் அவள் ஜன்னல் ஓரமாகத்தான் நின்றிருந்தாள். சிரித்தபோது அவள் கையில் திரையின் ஓரம் இருந்தது.

"கண்ணைக் கழட்டி மேல ஒட்டிடட்டுமா சார்? அஞ்சு நிமிஷ வேலை. அப்புறம் திரை போட வேண்டிய தொல்லையே இல்ல."

"வேணாம்மா" என்றார் அவர். சொன்ன வேகம் அவருக்கே புதிதாக இருந்தது. "அது அங்கேயே இருக்கட்டும்."

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். "ரசீதுல என்ன எழுதட்டும்?"

"நீ பாத்தத எழுது."

'பெட்டிகளில் பழுது இல்லை. வயர் எதுவும் பிடுங்கப்படவில்லை. கண்ணில் வெயில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அவள் கிளம்பினாள். கேட்ட ஆதாரம் கையெழுத்தோடு கைக்கு வந்துவிட்டது. வேறு ஏதோ ஒன்று அவர் மனதில் உறுத்தியது. பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். அலமாரியில் பெட்டிகளை வைத்த முதல் மாதம், ஆறு வருடத்துக்கு முந்தைய பக்கம். அங்கே மனைவி சொன்ன புகார் ஒன்று இருந்தது. அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் நாலு மணிக் கோளாறு ஒன்றுகூட இல்லை. அவள் வாதாடவில்லை, எழுந்து போய்த் திரையை இழுத்துவிட்டாள், அவ்வளவுதான். அவருக்கு வெட்கமாக இருந்தது.

மனைவியைப் போனில் கூப்பிட்டார். ஆறாவது முறை மணி அடித்ததும் அவள் எடுத்தாள். "சொல்லுங்க."

சொல்ல நினைத்து வைத்திருந்த எதுவும் வரவில்லை. பதிவேட்டைப் பார்த்துப் படித்தார். "புகார் செய்தவர், மனைவி. கோளாறு, சாயங்கால வெயில் பட்டால் ரிமோட் வேலை செய்யவில்லை என்கிறார். காரணம், ஆதாரமற்றது. முடிவு..." அந்தச் சொல்லின் கீழ் விரலை வைத்தார். "நிராகரிக்கப்பட்டது."

மறுமுனையில் அக்கா வீட்டுச் சமையலறைச் சத்தம் கேட்டது. யாரோ பாத்திரத்தைக் கவிழ்த்தார்கள்.

"தப்பா எழுதிட்டேன். உன்னைச் சந்தேகப்பட்டுக் கேட்டதும் தப்பு. ஆபீஸ்காரங்க முன்னாடி அப்படிச் சொன்னது அதவிடத் தப்பு."

அந்தச் சத்தம் அடங்கியது. பிறகு, "மணி என்ன ஆகுது?" என்றாள்.

"நாலே முக்கால்."

"திரையப் போட்டீங்களா?"

போனைக் காதில் வைத்தபடியே அவர் போய் இழுத்தார். வளையங்கள் ஓடின. "போட்டுட்டேன்."

"போதாது. ரெண்டும் நடுவுல சேராது. சந்து வழியா சரியா அந்தக் கண்ணுலதான் விழும். எடது பக்கத் திரை ஓரத்துல, இடுப்பு உயரத்துக்கு ஒரு ஊக்கு இருக்கும் பாருங்க."

இருந்தது. தலை துருப்பிடித்த சின்ன ஊக்கு. அதைச் சுற்றித் துணி முழுக்கப் பொடிப்பொடியாகத் துளைகள். தினமும் குத்திக் குத்தி எடுத்த துளைகள்.

"நீ எப்ப..." என்று ஆரம்பித்தார்.

"முதல்ல ஊக்கக் குத்துங்க."

ஒரு கையால் முடிகிற வேலை இல்லை. போனை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு இரண்டு திரைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தார். ஊக்கு முதலில் விரலில் குத்தியது, பிறகு துணியில். டிவியின் அடியில் இருந்த வெளிச்சக் கோடு மெலிந்து, நூலாகி, இல்லாமல் போனது. ரிமோட் நாற்காலியில் கிடந்தது. அவர் அதை எடுக்கப் போகவில்லை. திரைக்குப் பின்னால் கையை விட்டுப் போனைத் தேடி எடுத்தார். அவள் இணைப்பைத் துண்டித்திருக்கவில்லை. அரை இருட்டில் போனின் சின்னத் திரையில் பேச்சு நேரத்தின் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.