வண்டியின் ஏப்பம்

என் வண்டியைப் பற்றி என் மச்சான் பெலார்மினோ பேசவே கூடாது. ரொட்டி வேன் ஓட்டுகிறவனுக்கு எழுபத்திரண்டாம் வருஷத்து வண்டியைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் பேசினான். அதுவும் என் மகள் மரிசேலாவின் பதினைந்தாவது பிறந்தநாள் காலையில்.

"எலாய், இவ ஞானஸ்நானத்துக்கும் உன் வண்டி கொதிச்சுது, புதுநன்மைப் பூசைக்கும் கொதிச்சுது. பேசாம பிள்ளையை என் வேன்ல ஏத்திவிடு. ஏசி இருக்கு."

"ரொட்டித் தட்டுக்கு நடுவுலயா? போடா!"

பெண்ணுக்குப் பதினைந்து நிறைந்தால் எங்கள் வழக்கப்படி கோயிலில் பூசை முடிந்ததும் மகளைப் பின்சீட்டில் வைத்து, எங்கள் ஊர் எஸ்பான்யோலாவின் கடைத்தெரு முழுக்க, நடக்கிற வேகத்தில் நாலு மைல் ஊர்வலம் போகணும். அந்த வேகத்தில் ரேடியேட்டருக்குள் காற்று எங்கே நுழையும்? அதற்காகத்தான் இரண்டு வாரமாய்ச் சோறு தண்ணி மறந்து வேலை பார்த்தேன். அகலமான அலுமினிய ரேடியேட்டர், இரண்டு மின்விசிறி, புதுத் தண்ணீர் பம்பு. ரேடியேட்டர் உட்கார இடம் போதாமல் முன்தகட்டை அரை அங்குலம் அறுத்தேன். கைத்தோலும் கொஞ்சம் போனது.

காலையில் ஓடவிட்டுப் பார்த்தேன். பத்தே நிமிஷம், சூடு காட்டும் முள் விறுவிறுவென்று சிவப்புக்கு ஏறிவிட்டது. ஹீட்டரைப் போட்டால் சில்லென்று காற்று வருகிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெலார்மினோ வேன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றான், பாவி.

தலை நிறைய முடி சுருட்டும் உருளைகளை மாட்டிக்கொண்டு என் பெண்டாட்டி ஒஃபேலியா வெளியே வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, மூக்கு தரையில் படக் குனிந்து நின்ற வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"தண்ணி ஊத்தினப்பவும் இப்படித்தான் குனிஞ்சு கெடந்துச்சா?"

"பின்னே? இந்த மாதிரி ஏத்தி இறக்குற வண்டி வாசல்ல நின்னா மூக்கு தரையைத் தொடணும், அதுதான் அழகு. நிமிர்ந்து நின்னா நாலு பேர் சிரிப்பாங்க."

"அட கூறுகெட்ட மனுஷா! மரிசேலா குழந்தையா இருந்தப்ப தலைகீழாப் போட்டா ஏப்பம் விட்டா? நிமித்தித் தோள்ல போட்டுத்தானே தட்டினோம்? உள்ளே காத்து மாட்டிக்கிட்டிருக்கு. மூக்கைத் தூக்குய்யா!"

எஞ்சின் ஆறியதும் ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு சுவிட்சைத் தட்டினேன். வண்டியை ஏற்றி இறக்க டிக்கியில் வைத்திருக்கிற எண்ணெய்ப் பம்புகள் உறும, வண்டியின் முன்பக்கம் இரண்டடி எழுந்தது. எஞ்சினை ஓடவிட்டால் களக் களக்கென்று குமிழி. கடைசியில் வாசலே கேட்கும்படி ஒரு ஏப்பம்! அப்புறம் நாலு லிட்டர் தண்ணீரை மடமடவென்று குடித்தது. ஹீட்டரில் அனல் அடித்தது. பெலார்மினோ சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

பூசை முடிந்து ஊர்வலம் கிளம்பியது. பின்னால் முப்பது வண்டி, இரண்டு பக்கமும் ஜனம். நான் முள்ளை மட்டுமே பார்த்தேன். ஒரு மைல், நடுவில் நின்றது. இரண்டு மைல், அசையவில்லை. மூன்றாவது மைலில் பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

"அப்பா..."

"என்ன கண்ணு? கருகுற வாசனை வருதா?"

"இல்லப்பா. ஊரே என்னைப் பார்த்துக் கையாட்டுது. நீ மட்டும் காலையிலேருந்து என்னைப் பார்க்கவே இல்ல."

சுருக்கென்றது. நட்டநடு ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு முழுசாகத் திரும்பினேன். ஊதா கவுனும் சின்னக் கிரீடமுமாய் ஒரு பெரிய பெண் உட்கார்ந்திருந்தாள். எப்போது வளர்ந்தாள் இவள்?

"ரொம்ப அழகா இருக்கடி," என்றேன்.

பின்னால் முப்பது வண்டியும் ஹாரன் அடித்தது. அடிக்கட்டும். அந்த நேரத்தில் முள் எங்கே நின்றது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.