எல்லை தாண்டாத ஒற்றை வரி

இதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஒன்றே ஒன்று பொய்யென்று காட்டிவிட்டாலும் இந்தத் தாளைக் கிழித்துப் போடலாம்.

அயல்நாட்டு மாநாட்டு மண்டபத்தின் நடைபாதையில், கைபேசியைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றார் பிரதிநிதி. ஒரு நாட்டு மக்களின் தரவை இன்னொரு நாட்டுக் கணினியில் வைக்கலாமா என்ற ஒப்பந்தம் ஒன்பது வருடம் இழுத்து, வரும் வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு ஓட்டெடுப்பு என்று வந்து நின்றது. ‘சரி’யா ‘வேண்டாமா’ என்று தலைநகரம் சொல்லியாக வேண்டும். அது சொல்லாமல் இவர் வாய் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் ஒன்பது வருடமும் ஆற்றில் கரைத்த புளி.

தலைநகரில் அந்தக் கோப்பைக் காத்தவன் அவர் மனைவியின் தம்பி.

“மாப்ளே, முடிவு வந்துடுச்சாமே. அனுப்பு.”

“முடியாது அத்தான். அரசாங்கத் தரவு எல்லை தாண்டக் கூடாது. விதி பதினாலு.”

“எவன்டா எழுதினான் அந்த விதிய?”

“நீங்கதான். கையெழுத்துகூட அழகா இருக்கு.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் பேனாவால் கெட்டவர்.

“சரி, படிச்சுக் காட்டு.”

“குரலும் தரவுதான். உட்பிரிவு மூணு.”

“ஆமான்னா ஒரு தும்மல் போடு. இல்லன்னா ரெண்டு.”

“தும்மல் உடல்நலத் தரவு அத்தான். அதுக்கு இன்னும் கெடுபிடி.”

“உங்க அக்கா மூஞ்சிக்காக உன்ன விட்டு வச்சிருக்கேன்.”

“அக்காவும் என் மூஞ்சிக்காகத்தான் உங்கள விட்டு வச்சிருக்கு.”

பல்லைக் கடித்துக்கொண்டு வியாழன் காலை விமானம் ஏறி ஊர் வந்தார். மைத்துனன் மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு உறையைக் கொடுத்தான். உள்ளே ஒற்றை வரி: ‘மாநாட்டில் இருக்கும் நம் பிரதிநிதியைக் கேட்டு, அவர் சொல்கிறபடி செய்யவும்.’

“என்னக் கேட்டிருந்தா அங்கயே சொல்லியிருப்பேனேடா.”

“கேள்வியும் எல்லை தாண்டணுமே அத்தான்.”

திரும்பும்போது விமான நிலையத்தில், படித்ததைத் தலைக்குள் வைத்துக் கடத்தவில்லை என்று எழுதித் தரச் சொன்னார்கள். மறந்துவிட்டதாக எழுதிக் கொடுத்தார். சான்று எங்கே என்றார்கள். மனைவியின் பிறந்தநாளைச் சொன்னார். கணினியில் பார்த்தால் வேறு தேதி; உடனே வழிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்க, மூச்சிரைக்க மண்டபத்துக்குள் நுழைந்து கையை உயர்த்தி, ஒன்பது வருடக் கடுப்பையும் சேர்த்து “சரி” என்றார். அவைத் தலைவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, மரியாதையாகத் தலையசைத்தார்.

அவருடைய நாட்டுக்கு அந்த அவையில் இருந்தது பார்வையாளர் நாற்காலி, ஓட்டு கிடையாது.