எட்டாவது கப்பி

...ஏழுதான், போன கோடையிலும் ஏழு, அதற்கு முந்தைய கோடையிலும் ஏழு, ஏரிக்கடியில் கிடக்கும் மரக் கப்பிகளுக்குக் கால் முளைக்கவா போகிறது... பெர்னிஸ் நனைந்த கையுறையைக் கழற்றிவிட்டுப் படகின் விளிம்பில் சாய்ந்துகொண்டாள். ஹூரான் ஏரி வெயிலில் சாதுவாகக் கிடந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற அறுபத்தாறு வயதுக்காரிக்கு இதைவிட என்ன வேண்டும், குடுவையில் சூடாகப் பட்டாணி சூப், கால் விரல்களில் மெல்லத் திரும்பும் உயிர், நூறடி ஆழத்தில் மூழ்கிப்போன பாய்மரக் கப்பலை நாடா பிடித்து அளந்துவிட்டு வந்த திருப்தி... மடியில் அருங்காட்சியகத்தின் படிவம். தன்னார்வலராக ஏன் சேர்ந்தீர்கள்? வருடாவருடம் கேட்கிறார்கள், வருடாவருடம் 'ஏரி மேல் ஆசை' என்று எழுதிக் கொடுக்கிறாள். பொய்யில்லை. ஆனால் முழுசாக உண்மையா? புருஷன் ஜெரோம் உயிரோடு இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான்... அந்தக் காலத்தில் முங்கியவன் வெறுங்கையோடு மேலே வந்தால்தான் கேலி, ஆளுக்கொரு சாமான், அவனுக்கு ஒரு கப்பி, கல்யாணமான வருடம் அது, எவ்வளவு பெருமையாகத் தூக்கிக்கொண்டு வந்தான்! இன்றைக்கு அதற்குப் பெயர் திருட்டு. சொன்னால் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்களோ, செத்துப்போனவனைத் திருடன் என்பார்களோ... ஆறு கோடையாக மூடிய வாய், இனிமேலா திறக்கும்?

எதிரே டுவேன், அவளோடு ஜோடியாக முங்குகிறவன், தண்ணீருக்குள் அவள் எழுதிய பலகையைப் பார்த்துத் தாளில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

“ஏய் பெர்னிஸ், எட்டாவது கப்பி ஒன்பது அங்குலம்னு எழுதியிருக்க?”

“அதுக்கென்ன?”

“அங்க வெறும் கொக்கிதானம்மா இருக்கு. இல்லாத கப்பியை எப்படி அளந்த? ஆழத்துல தலை கிறுகிறுத்துப் போச்சா? அந்த வரியை அடிச்சிடவா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும், அந்த ஆழத்தில் யாருக்கும் தலை கிறங்கும், ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள், எவ்வளவு நல்ல பிள்ளை, தப்பிக்க வழியையும் அவனே எடுத்துக் கொடுக்கிறான்... ஆனால் கை ஏன் அந்த அளவை எழுதியது, சனிக்கிழமைதோறும் பெருக்கும்போது நகர்த்தி நகர்த்தி வைக்கிற கைதானே...

“அடிக்காத. அளவு சரிதான். எங்க வீட்டு அடுக்களைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கிட்டு இருக்கு. ஜெரோம் எடுத்தது.”

டுவேனின் பென்சில் நின்றுவிட்டது. கரை இன்னும் தூரத்தில் இருந்தது. அவன் தாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

“சூப் மிச்சம் இருக்கா?” என்றான்.

குடுவையை நீட்டினாள். நாளைக்கு என்ன சொல்வார்களோ, சொல்லட்டும்... படிவத்தில் அந்தக் கட்டம் இன்னும் காலியாக இருந்தது. ஏரி மேல் ஆசைதான், இல்லையென்று யார் சொன்னது, ஆனாலும் யாராவது ஒருவர் அந்தக் கொக்கியைக் காட்டிக் கேட்கட்டும் என்றுதான் ஆறு கோடையாக வந்துகொண்டிருந்தாளோ?